ஊட்டிக் குளிரில் புது நைட்ரோ இன்ஜினைப் பழக்குவது

கோயம்புத்தூரில் ஜம்மென்று ஓடிய நைட்ரோ கார் (நைட்ரோமீத்தேனும் மெத்தனாலும் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கார்) ஊட்டிக்கு வந்ததும் புகையைக் கக்கித் திணறினால் இன்ஜினைத் திட்ட வேண்டாம். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைத் தொடாவிட்டாலும் கலவையில் எரிபொருள் மிஞ்சிவிடும்.

புது இன்ஜினுக்கு அந்த மிச்சம் நல்லதுதான், எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெயும் அதோடு சேர்ந்தே போகிறது. இங்கே உண்மையான எதிரி குளிர். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் சிலிண்டர் வேண்டுமென்றே இறுக்கமாக இருக்கும். சூடேறி விரிந்தால்தான் இடைவெளி கிடைக்கும். ஜனவரி உறைபனியில் அவசரப்பட்டு இழுத்தேன், ஸ்டார்ட்டர் கயிறு அறுந்து கையோடு வந்தது. இப்போது முதலில் ஹேர் டிரையர்! தொட்டால் கை சுடும் வரை தலைப்பகுதியில் காட்டிவிட்டுத்தான் கயிற்றைத் தொடுவேன்.

முதல் டேங்குகளில் கலவை கொழுப்பாக, அதாவது எரிபொருள் தூக்கலாக, இருக்கட்டும், ஆனால் தலைப்பகுதி 90 டிகிரி செல்சியஸை ஒட்டியாவது இருக்க வேண்டும். ஏறவில்லையா? அதன் மேல் பாதிக்கு அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். ஒவ்வொரு டேங்குக்குப் பிறகும் ஃப்ளைவீலைத் திருப்பி, பிஸ்டனைக் கீழே இறக்கி ஆறவிடுங்கள். அப்புறம் எரிபொருளைக் குறைக்க ஊசியை வலப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று. மெல்லிய புகை மட்டும் எப்போதும் தெரிய வேண்டும்.

எரிபொருள் டப்பாவை உடனே மூடுங்கள். மெத்தனால் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.