கினி பிக்குக்குச் சளி பிடித்தால் செய்யக்கூடாதவை

காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து கொத்தமல்லிக் கவர் சலசலத்தால் போதும், எங்கள் வீட்டுக் கினி பிக் லட்டு கூண்டுக் கம்பியில் காலை ஊன்றி நின்று ‘வீக் வீக்’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். ஒருநாள் கத்தவில்லை. மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. முந்தின நாளே நாலைந்து தடவை தும்மியதைக் கேட்டேன். புல் தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தவறு அங்கேதான் தொடங்குகிறது. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் கினி பிக் தன் நோயை முடிந்தவரை மறைக்கும். ‘ஏதோ டல்லாக இருக்கிறதே’ என்று நமக்குப் படும்போது நோய் முற்றத் தொடங்கியிருக்கும். தூசியில் எப்போதாவது ஒரு தும்மல் வருவது சகஜம். மூக்கில் ஒழுகல், கண்ணோரம் பொருக்கு, மூச்சில் ‘க்ளிக்’ சத்தம், சாப்பாட்டில் அக்கறையின்மை இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். (முகம் கழுவும்போது கண்ணிலிருந்து பால் மாதிரி ஒரு துளி வரும். அது நோயல்ல, பயப்பட வேண்டாம்.) கினி பிக் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம் என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது உயிரையே வாங்கிவிடக்கூடிய தவறு. போன மாதம் குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் வீட்டில் மிச்சம் இருக்கும். ‘குழந்தைக்கே கொடுக்கிறோம், இதற்கு ரெண்டு சொட்டு கொடுத்தால் என்ன’ என்று தோன்றும். கொடுத்துவிடாதீர்கள். புல்லைச் செரிக்க கினி பிக்கின் பெருங்குடல் நல்ல பாக்டீரியாக்களையே நம்பியிருக்கிறது. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் அவற்றை அழித்துவிடும். காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். வயிற்றுப்போக்கு வரும், சில நாட்களில் உயிர் போய்விடும். ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், வாய்வழி எரித்ரோமைசின் எல்லாமே இதே ஆபத்தைத் தருபவைதான். கினி பிக் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசினோ, ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபாவோ எழுதுவார்கள். நாய், பூனை மட்டுமே பார்க்கும் கிளினிக் என்றால் மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘இது பென்சிலின் வகையா டாக்டர்?’ என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மருந்து வாங்கியாயிற்று, இனி அதுவே சாப்பிட்டுக்கொள்ளும் என்று இருந்துவிடுவதும் ஆபத்து. மனிதர்கள் காய்ச்சலில் ஒருநாள் பட்டினி கிடக்கலாம். கினி பிக்கின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் உள்ளே போகாவிட்டாலே குடல் மந்தமாகத் தொடங்கிவிடும். பிறகு சளியைவிட அதுதான் பெரிய தலைவலி. மருத்துவர் கொடுக்கும் கூழ் மாவு இல்லாவிட்டால், பெல்லெட்டை (கடையில் விற்கும் உருண்டைத் தீவனம்) வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நன்றாக மசித்து, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் ஊட்டலாம்.

ஊட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோல் மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஏற்கெனவே சளி கட்டிய நுரையீரல் அது. துண்டில் சுற்றி, நாலு காலும் தரையில் பட உட்காரவைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து அரை மில்லிக்கும் குறைவாகக் கொடுங்கள். அது மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மூன்று நான்கு மணிக்கொரு தடவை, ராத்திரியிலும்தான். முதல் நாள் பாதிக் கூழ் லட்டுவின் தாடையிலும் மீதி என் சட்டையிலும் இருந்தது.

எவ்வளவு போயிற்று என்பதை வயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஏறக்குறைய ஒரு கிலோவே இருக்கும் உடம்பில் 50 கிராம் குறைவது சின்ன விஷயமில்லை.

வைட்டமின் சி விஷயத்தில் கினி பிக்கும் நம்மைப் போலத்தான், உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது. சாதாரண நாட்களில் உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். நோயில் இன்னும் அதிகம், அளவை மருத்துவர் சொல்வார். அதைத் தண்ணீர் பாட்டிலில் கலப்பது வீண். சீக்கிரம் சத்து போய்விடும், ருசி மாறினால் அது குடிக்கிற தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும். நேராக வாயில் கொடுங்கள். சாப்பிடுகிற நிலையில் இருந்தால் ஒரு துண்டு குடைமிளகாயும் நல்லது.

பாட்டி வைத்தியம் வேண்டவே வேண்டாம். மூக்கில் தைலம், கூண்டருகே சாம்பிராணி, கொசுவத்தி எல்லாம் ஏற்கெனவே எரிகிற மூச்சுக்குழாயை இன்னும் எரிக்கும். கூண்டில் பரப்பும் பைன் மரத்தூளும் அப்படித்தான். கூண்டில் மூத்திர நெடி நம் மூக்கிலேயே ஏறுகிறதென்றால் தரையோடு தரையாக இருக்கும் அதன் கதியை யோசித்துப் பாருங்கள். சளியாயிற்றே என்று கம்பளி போட்டு மூடுவதும் கூடாது. 27 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு வெப்பம் ஆகாமல் போகலாம். நம்மூர்ச் சித்திரையில் சொல்லவே வேண்டாம். அதற்காக ஏசிக் காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்காதீர்கள்.

கூண்டில் முயலும் சேர்ந்து இருந்தால் பிரித்துவிடுங்கள். போர்டெடெல்லா என்ற கிருமியை முயல் எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்து திரியும். கினி பிக்குக்கு அதுவே நிமோனியா. இன்னொரு கினி பிக் இருந்தால் அதற்கும் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்றாம் நாள் தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம், சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள்.

மருத்துவரிடம் கிளம்புமுன் அது மூச்சு வாங்குவதையும் சத்தத்தையும் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் மேஜையில் வைத்ததும் பயத்தில் கல் மாதிரி உறைந்துபோய், ஒன்றுமே இல்லாதது போல உட்கார்ந்திருக்கும்.