வால்பாறைக்கு முதன்முறை செல்வோருக்கு

வால்பாறைக்குச் செல்லத் திட்டமிடுபவர்கள் தங்குமிடத்திற்கும் முன்பாகப் பயண நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான் என்றாலும், ஆழியாறுக்கு மேல் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும், மாலையில் இறங்கும் மூடுபனியும், சாலையைக் கடக்கும் யானைகளும் இருப்பதால், காலையிலேயே புறப்பட்டு வெளிச்சம் குறையுமுன் ஊர் சேர்ந்துவிடுவது நல்லது. வழியில் வரையாடுகளையும், புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் எனப்படும் சிங்கவால் குரங்குகளையும் காணலாம். அவற்றுக்குத் தின்பண்டம் எதையும் கொடுக்காதீர்கள். மனிதர் தரும் உணவைத் தேடிச் சாலைக்கு வரும் மந்திகள் வாகனங்களில் அடிபட்டு இறக்கின்றன என்பது மிகுந்த வருத்தத்திற்குரியது. தென்மேற்குப் பருவமழை இங்கே மிகக் கடுமையானது. எனவே முதல் பயணத்தை டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில், கம்பளி உடையுடன் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் நடப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.