திருகோணமலையில் தங்கியபடி சுற்றுலா விசாவை நீடிப்பது எப்படி?

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட சிறியதொரு விடுதியை நடத்தி வருகிறேன். கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் என்னிடம் தங்குகிறவர்களில் கணிசமானோர் தமிழர்கள். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் முதுகுப் பையோடு வந்திறங்கும் இளைஞர்கள் ஒரு பக்கம், கனடாவிலும் பிரான்சிலும் பிறந்து அம்மம்மாவின் ஊரைப் பார்க்க வரும் பிள்ளைகள் மறுபக்கம். பத்து நாள் கணக்கில் வருகிறவர்கள், கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் புறாத்தீவையும் பார்த்து முடித்த பிறகும் புறப்பட மனமின்றி இருந்துவிட்டு, இருபத்தேழாம் நாள் காலையில் தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்து, “அண்ணை, விசாவை நீடிக்க என்ன செய்ய வேணும்?” என்று கேட்பார்கள். விசா நீடிப்பு பெரிய வித்தை அல்ல. ஆனால், அதைப் பதினைந்தாம் நாள் தொடங்குகிறவருக்கும் இருபத்தேழாம் நாள் தொடங்குகிறவருக்கும் ஆகும் செலவு ஒன்றாக இருப்பதில்லை. காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பயணிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நாளை எண்ணும் முறை

இலங்கையின் சுற்றுலா விசா பொதுவாக முதலில் 30 நாட்களுக்கு வழங்கப்படுகிறது. முப்பது நாளை ஒரு மாதம் என்று எடுத்துக்கொள்வதே நான் அடிக்கடி காணும் தவறு. மே 2ஆம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முத்திரை குத்தப்பட்டால், வந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் முப்பதாவது நாள் மே 31 ஆகும். ஜூன் 2 வரை காலம் இருக்கிறது என்று நம்பியிருப்பவர் இரண்டு நாட்கள் விசா இல்லாமல் இருந்தவராகிவிடுவார். நள்ளிரவை ஒட்டித் தரையிறங்கும் விமானங்களில் வருகிறவர்களுக்குப் பயணச்சீட்டில் ஒரு திகதியும் முத்திரையில் மறுநாள் திகதியும் இருக்கக்கூடும். முத்திரையில் உள்ளதே செல்லும்.

எங்கள் விருந்தினர் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய பெயருக்கும் எதிரே சிவப்புப் பேனாவால் இரண்டு திகதிகளை எழுதி வைப்பது என் வழக்கம். ஒன்று பதினைந்தாவது நாள், மற்றையது இருபத்துமூன்றாவது நாள். முன்னது இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டிய நாள். பின்னது, அதுவரை பதில் வராவிட்டால் கொழும்புப் பக்கமுள்ள தலைமை அலுவலகத்துக்குப் புறப்பட வேண்டிய நாள். முன்கூட்டியே விண்ணப்பித்தால் மிச்ச நாட்கள் வீணாகிவிடுமே என்று சிலர் தயங்குவதுண்டு. நீடிப்பு, கையில் உள்ள விசா முடியும் நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால் அந்தத் தயக்கம் தேவையற்றது.

திகதிகளைக் குறிக்கும்போது சுவரில் தொங்கும் நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும்: இங்கே ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி நாள், அதாவது போயா, அரச விடுமுறை. வைகாசிப் பௌர்ணமியான வெசாக்குக்கு மறுநாளும் விடுமுறை. ஏப்ரல் 13, 14 புத்தாண்டு. போயா வெள்ளிக்கிழமையில் வந்து, அதைச் சனியும் ஞாயிறும் தொடர்ந்தால் மூன்று நாட்கள் எந்த அரச அலுவலகமும் திறக்காது.

எத்தனை நாள், எவ்வளவு பணம்

நீடிப்பு இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதலாவது கட்டத்தில், வந்த நாளிலிருந்து மொத்தம் 90 நாட்கள் வரையும், இரண்டாவது கட்டத்தில் மொத்தம் 180 நாட்கள் வரையும் தங்கலாம். கட்டணம் உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்பதைப் பொறுத்து மாறுவதால், ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு நண்பர்கள் வெவ்வேறு தொகை செலுத்த நேரிடும். ஆகவே, பக்கத்து மேசையில் இருப்பவர் சொல்லும் தொகையை நம்பாமல், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உங்கள் நாட்டுக்குரிய வரியைத் தேடிப் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளின் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் விலக்கப்பட்டது. அத்தகைய சலுகை முதல் 30 நாட்களுக்கே உரியது, நீடிப்புக்கு அல்ல.

தளத்தின் முகவரி ‘ஜிஓவி.எல்கே’ என்று முடிகிறதா என்பதைப் பார்த்த பிறகே எதையும் நிரப்புங்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இதில் குழம்புவதற்குக் காரணம் உண்டு. 2024 ஏப்ரலில் விசா வழங்கும் முறை ஒரு தனியார் கூட்டமைப்பின் தளத்துக்கு மாற்றப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் நிறுத்தப்பட்டு, பழைய இலத்திரனியல் பயண அனுமதி முறை மீண்டும் வந்தது. (இங்கே உயர் நீதிமன்றம் என்பது தமிழகத்தார் உச்ச நீதிமன்றம் என்று சொல்வது.) அந்தச் சில மாதங்களில் எழுதப்பட்ட குறிப்புகள் இன்றும் தேடலில் முன்னால் வந்து நிற்கின்றன.

நாட்டை விட்டு வெளியேறித் திரும்பி வருவது மலிவானதா என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும், 2023 ஒக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலும் இருக்கின்றன. வீட்டில் ஏதேனும் அலுவல் இருந்தால் போய் வரலாம். விசாவுக்காக மட்டும் போவதென்றால், யாழ்ப்பாணம் வரையிலான பஸ் கட்டணம், இரு வழிப் பயணச்சீட்டு, இடையில் தங்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். நீடிப்புக் கட்டணமே குறைவாக இருக்கும் என்பது என் அனுபவம். தவிர, திரும்பி வரும்போது மீண்டும் உள்ளே விடுவது கருமபீடத்தில் இருக்கும் அதிகாரியின் தீர்மானம்.

இணையத்தில் விண்ணப்பித்தல்

திருகோணமலையிலிருந்து நகராமல் செய்யக்கூடிய வழி இது. கடவுச்சீட்டின் படமுள்ள பக்கம், நுழைவு முத்திரை உள்ள பக்கம், உங்கள் புகைப்படம், இலங்கையில் தங்கியிருக்கும் முகவரி, திரும்பிச் செல்லும் பயணச்சீட்டு ஆகியவற்றை முதலிலேயே கைபேசியில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால், ‘கோயிலுக்குப் பின்னால்’ என்று எழுதாமல், அவர்களுடைய மின்கட்டணப் பட்டியலில் உள்ளவாறு வீட்டிலக்கமும் வீதியும் எழுதுங்கள்.

கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படமெடுப்பதிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். மின்குமிழின் கீழ் வைத்து எடுத்தால், பக்கத்தின் மேலுள்ள பளபளப்பான உறையில் ஒளி பட்டு, சரியாக இலக்கத்தின் மேலேயே ஒரு வெள்ளைப் பொட்டு விழும். காலை எட்டு மணியளவில், வெயில் நேரே விழாத விறாந்தையில், கறுப்புத் துணி ஒன்றின் மேல் கடவுச்சீட்டை விரித்து, கைபேசியின் மின்னொளியை அணைத்துவிட்டு, நேர் மேலிருந்து எடுங்கள். நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். பக்கத்தைப் பிடித்திருக்கும் பெருவிரல் தெரியக்கூடாது.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. படிவமோ அதைக் கேட்டே தீரும். இந்தியக் கடவுச்சீட்டில் சிலருக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருக்கும், சிலருக்கு அந்த இடமே வெறுமையாக இருக்கும், வேறு சிலருக்கு இரண்டு பெயர்களும் ஒரே வரியில் சேர்ந்திருக்கும். ஐயம் ஏற்பட்டால், படமுள்ள பக்கத்தின் அடியில் கூர்முனைக் குறிகள் நிறைந்து கிடக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள் இருக்கும். இயந்திரம் வாசிப்பது அவற்றைத்தான். மேல் வரியில் நாட்டைக் குறிக்கும் மூன்றெழுத்துக்குப் பின் வருவது குடும்பப் பெயர். இரட்டைக் கூர்முனைக் குறியைத் தாண்டி வருவது சொந்தப் பெயர். அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்கள், நாட்டுக்குள் வருவதற்கு எடுத்த பயண அனுமதியில் எப்படி நிரப்பினார்களோ அப்படியே இங்கும் நிரப்ப வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் தேங்கிவிடும். இன்னொன்று: பரவலாகப் புழங்கும் இந்தியக் கடவுச்சீட்டின் இலக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் அதையடுத்து ஏழு இலக்கங்களும் இருப்பதால், முதலிடத்துக்குப் பின்னால் வட்டமாகத் தெரிவதெல்லாம் பூச்சியமே.

பணம் செலுத்தும்போது வங்கி ஒருமுறைக் கடவு எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். அது வருவது உங்கள் ஊர்ச் சிம் அட்டைக்கு. அதையோ இங்கே வந்தவுடன் கழற்றி, ஏதோ ஒரு பையின் மூலையில் போட்டிருப்பீர்கள். புறப்படும் முன்பே ரோமிங் வசதியை இயக்கி, அந்தச் சிம்மைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 முதல் புதிய அட்டைகள் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குப் பூட்டப்பட்ட நிலையிலேயே தரப்படுகின்றன. வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டே வர வேண்டும். கோவையிலிருந்து வந்த தம்பி ஒருவர் எல்லாவற்றையும் பிழையின்றி நிரப்பிவிட்டு, இந்தக் கடைசிப் படியில் மூன்று நாட்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஊரிலிருந்த அவருடைய அக்கா வேறொரு அட்டையில் செலுத்தினார்.

பத்தரமுல்லைக்கு நேரில் போக நேர்ந்தால்

இருபத்துமூன்றாம் நாளும் பதில் இல்லையென்றால் தலைமை அலுவலகத்துக்கே போய்விடுவது நல்லது. அது கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில், ஸ்ரீ சுபூதிபுர வீதியில் உள்ள ‘சுஹுருபாய’ கட்டடத்தில் இருக்கிறது. அலுவலகம் மருதானையில் இருந்ததாகச் சொல்லும் குறிப்புகள் பழையவை. திருகோணமலையிலிருந்து கொழும்பு சாலை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மாலையில் புறப்பட்டு விடியுமுன் கொழும்பு கோட்டை நிலையத்தைச் சேரும் இரவு ரயில், விடுதிச் செலவு ஒன்றை மிச்சப்படுத்தித் தரும். அன்றைக்கு அது ஓடுகிறதா என்பதை முதல் நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போகும் இரவு பஸ் இருக்கிறது. கோட்டை நிலையத்தில் முகம் கழுவி, புறக்கோட்டைப் பக்கம் ஒரு தேநீர் குடித்துவிட்டு, 170, 171, 190 ஆகிய இலக்க பஸ்களில் ஒன்றில் ஏறினால் பத்தரமுல்லையில் இறங்கலாம். முச்சக்கர வண்டிக்காரர் கோட்டையில் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் பஸ் கட்டணம் ஒன்றுமே இல்லை.

அதே கட்டடத்தில் இலங்கையர்கள் கடவுச்சீட்டு எடுக்கவும் வருகிறார்கள். நீளமான வரிசையைக் கண்டதும் அதன் வாலில் போய் நிற்காமல், விசாப் பிரிவு எது என்று வாசலிலேயே கேளுங்கள். முழங்காலை மூடும் உடை, கடவுச்சீட்டு, அதன் பிரதிகள், இரண்டு புகைப்படங்கள், வங்கி அட்டை, இணைய விண்ணப்பத்தின் இலக்கம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி; ஆகவே தமிழில் பேச உங்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆனாலும், உங்கள் தேவையை நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதி எடுத்துச் செல்வது, திருகோணமலைக்காரனாகிய நானே கடைப்பிடிக்கும் நடைமுறை. புறப்படும் முன் ஏதேனும் கேட்பதென்றால் 1919 என்ற அரச தகவல் நிலையத்தை அழையுங்கள். தமிழிலும் பதில் சொல்வார்கள்.

தரகர், வாடகை, வேலை

கடற்கரையோரம் ‘விசா எடுத்துத் தருகிறோம்’ என்று சொல்லும் தரகர்கள் செய்வதும் மேலே சொன்ன அதே இணைய விண்ணப்பம்தான். சில ஆண்டுகளுக்கு முன், அவசரத்தில் இருந்த ஒரு விருந்தினருக்காக நானும் அப்படியொருவரை அழைத்து வந்தேன். கட்டணத்துக்கு மேல் ஏறத்தாழ அதே அளவு கூலியும் வாங்கிக்கொண்டு, முத்திரைப் பக்கத்துக்குப் பதிலாகப் பழைய தாய்லாந்து விசாப் பக்கத்தை ஏற்றிவிட்டுப் போனார். கடவுச்சீட்டை எவர் கையிலும் விட்டுவைக்காதீர்கள். எங்களைப் போன்ற விடுதிக்காரர்களுக்குப் பிரதி ஒன்று போதும்.

அனுமதி வருமுன் அடுத்த மாத வாடகையை முற்பணமாகக் கட்டாதீர்கள். அனுமதி வந்த பிறகு, மாத வாடகைக்குப் பேசுங்கள். கடற்கரையை ஒட்டிய அறையை விட இரண்டு ஒழுங்கை (சந்து) உள்ளே இருக்கும் வீட்டு அறை எப்போதும் மலிவு. என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன்.

செலவைக் குறைக்க விடுதியிலோ சுழியோடும் நிலையத்திலோ வேலை செய்து, அதற்கு ஈடாகப் படுக்கையும் சாப்பாடும் பெறும் ஏற்பாடு இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. சுற்றுலா விசாவில் கூலி பெற்றும் பெறாமலும் வேலை செய்ய இடமில்லை. அகப்பட்டால் போகும் பணம், மிச்சம் பிடித்த வாடகையை விடப் பல மடங்காக இருக்கும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் வைத்திருந்தால், நுழையும்போதே அதைக் காட்டிவிடுங்கள். காட்டாமல் சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர், சொந்த வீட்டில் படுத்துக்கொண்டு விசா நாட்களை எண்ண வேண்டியிருக்கும்.

நீடிப்பு அனுமதி மின்னஞ்சலில் வந்ததும், அதிலுள்ள பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் முடிவுத் திகதியையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, நகரத்தில் ஏதாவதொரு கொமியூனிகேசன் கடையில் இரண்டு பிரதிகள் அச்சிடுங்கள். ஒன்றை மடித்துக் கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கத்தில் வைத்து, மற்றையதை வேறு பையில் வையுங்கள். உள்ளே குத்தியிருக்கும் முத்திரை அப்போதும் 30 நாட்களையே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கட்டுநாயக்காவில் வெளியேறும் இரவில் அதிகாரி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.