கடைக் கணினிக்கு இரண்டு கணக்குகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் மாணவர்கள் பென் டிரைவோடு வருவார்கள். ஒருநாள் அப்படி வந்த ஒன்றில், கோப்புறை போலவே மஞ்சள் படத்துடன் ஒரு நிரல் இருந்தது. திறந்துவிட்டேன். எதையும் மாற்ற அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்ததால் விண்டோஸுக்குள்ளேயே புகுந்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி நிறுவ இரண்டு நாள் போயிற்று.

உங்களுக்கும் அப்படி நேராமலிருக்க, விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய்ப் புதிய கணக்கொன்றைச் சேருங்கள். அது அதிகாரம் குறைந்த ஸ்டாண்டர்ட் யூசராகவே அமையும், மாற்றாதீர்கள். அன்றாட வேலை முழுவதும் அதில்தான். பழைய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்குக் கடவுச்சொல் கட்டாயம். வெறுமையாக விட்டால், விண்டோஸ் அனுமதி கேட்கும்போது யார் வேண்டுமானாலும் 'யெஸ்' அழுத்திவிடலாம்.

இனி விண்டோஸ் கோப்புறையில் நிரல்கள் நினைத்தபடி கைவைக்க முடியாது. அனுமதி வேண்டுமானால் திரை மங்கி, அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும். பிரின்டர் டிரைவர் போன்றதை நீங்களே நிறுவும்போது கொடுங்கள். சும்மா இருக்கும்போது கேட்டால் தயங்காமல் 'நோ'.

ஆனால் அந்தக் கணக்கிலுள்ள உங்கள் ஆவணங்களை இது காக்காது. அதனால் கடை மூடுமுன் தனி ஹார்ட் டிஸ்கில் பிரதியெடுத்து, வயரைக் கழற்றி வைக்கிறேன்.