எச்.ஐ.வி பரப்புரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஓர் இளைஞர் குழு எழுதிய கோரிக்கை மனுவைப் படித்தேன். “எச்.ஐ.வி தடுப்பில் அரசு கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்” என்று அது தொடங்கியது. நான் எழுதிய முதல் மனுவும் இதே வரியில்தான் தொடங்கியது. எழுத்துப்பிழை, காலதாமதம் போன்றவற்றைப் பழகப் பழக அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால், தாமாகத் திருந்தாத தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பது

எந்த மருந்தை வழங்குவது என்பதைச் சுகாதாரத் துறையும், அதற்கான பணத்தை நிதித் துறையும், நோயாளிகளைக் குற்றவாளிகளாக்கும் சட்டங்களைச் சட்டமன்றமும் தீர்மானிக்கின்றன. “கூடுதல் கவனம்” என்ற கோரிக்கைக்கு இவர்களில் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அறிவிப்பையே வெற்றி என்று எண்ணுவது

இந்தத் தவறை நானும் செய்தேன். இன்றும் யாரேனும் செய்யக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. சிகிச்சைக்கான ஒதுக்கீட்டை உயர்த்தக் கோரிப் பல மாதங்கள் அலைந்தோம். அறிவிப்பு வெளியான அன்று மகிழ்ச்சியில் அழுதோம், மறுவாரமே குழுவைக் கலைத்துவிட்டோம். சில மாதங்களுக்குப் பின் ஒரு சிகிச்சை மையத்தின் மருந்து வழங்கும் சன்னலருகே நின்றிருந்தேன். மருந்தாளுநர் முப்பது மாத்திரைகள் கொண்ட புட்டியைத் திறந்து, பத்தை மட்டும் எண்ணிக் காகித உறையில் இட்டு, “பத்து நாள் கழித்து வாருங்கள் அம்மா” என்று ஒரு பெண்ணிடம் கொடுத்தார். அன்றாடக் கூலி வேலை செய்யும் அவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு. இரண்டு முறை வந்தவர் மூன்றாம் முறை வரவில்லை.

விசாரித்தபோது, ஒதுக்கப்பட்ட பணம் உரிய காலத்தில் விடுவிக்கப்படாததால் ஒப்பந்தப்புள்ளி தள்ளிப்போனதும், அதனால் மருந்து வந்து சேரத் தாமதமானதும் தெரிந்தன. கேள்வி கேட்க வேண்டிய நாங்கள்தான் கலைந்துபோயிருந்தோமே! மருந்து இடையில் நின்றால் வைரஸ் மீண்டும் பெருகுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறவும் கூடும். தொடர் சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதால், சிகிச்சை அறுபடும்போது தடுப்பும் அறுபடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் 1998இல் தொடங்கிய சிகிச்சைச் செயல் இயக்கம், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் நெவிராபின் மருந்துக்காக வழக்குத் தொடுத்து, 2002 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றத்தில் வென்றது. அந்தத் தீர்ப்போடு அவர்கள் வீடு திரும்பவில்லை. 2003இல் சட்டமறுப்பில் இறங்கினார்கள். அவ்வாண்டு நவம்பரில் தேசியச் சிகிச்சைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ஆகவே ஒதுக்கியது எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், விடுவித்தது எவ்வளவு, கொள்முதல் ஆணை எந்தத் தேதியில் போனது, கிடங்கில் எத்தனை மாத இருப்பு உள்ளது, சன்னலில் எத்தனை நாளுக்கு மருந்து தருகிறார்கள் என்று மாதந்தோறும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை அலுவலகத்தில் கிடைக்காது. வரிசையில் நிற்பவரிடம்தான் கிடைக்கும்.

எச்.ஐ.வியுடன் வாழ்வோரைக் கதை சொல்ல மட்டும் அழைப்பது

முடிவெடுக்கும் ஒவ்வொரு நிலையிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று எய்ட்ஸுடன் வாழ்வோர் 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரிலேயே கேட்டுவிட்டார்கள். மேடையில் கண்ணீரோடு பேசவைத்துவிட்டு, கோரிக்கைகளை வகுக்கும் கூட்டத்துக்கு அவர்களை அழைக்காத குழுக்களை இன்னும் பார்க்கிறேன்.

மண்டை ஓட்டுச் சுவரொட்டி

வேண்டவே வேண்டாம். அச்சம் மக்களைப் பரிசோதனை மையத்திலிருந்து விலக்கும்.

ஒப்புதலின்றிப் பெயரோ படமோ வெளியிடுவது

ஒருமுறைகூடக் கூடாது.