மேற்பார்வைக்கு ஆள் இருக்கிறார், ஆனால்...

தானாக இயங்கும் செயற்கை நுண்ணறிவின் அருகே ஒரு மனிதரை உட்கார வைத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், ஊபரின் தானோட்டிச் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் இறந்தார். காரில் இருந்த மேற்பார்வையாளரின் கண் கைபேசியில் இருந்தது.

பழி அவர் தலையில் விழுந்தது. 2023இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிறுவனத்தின் மீது குற்ற வழக்கே இல்லை. ஆனால் விபத்தை ஆராய்ந்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையைப் படித்தால் வேறு பல சங்கதிகள் தெரியும். மோதுவதற்கு 5.6 வினாடி முன்பே கார் அந்தப் பெண்ணைக் கண்டுகொண்டது. வாகனம், வேறு ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியதே தவிர, மனிதர் என்று ஒருமுறைகூட உணரவில்லை. வால்வோ தயாரித்த அந்தக் காரின் சொந்த அவசர பிரேக் முடக்கப்பட்டிருந்தது. முன்பு காருக்கு இருவர் இருந்தார்கள். 2017இல் ஒருவராகக் குறைத்தார்கள். ஓட்டுநரை நோக்கிய கேமராவும் இருந்தது, பதிவுகளைத்தான் யாரும் பெரும்பாலும் பார்க்கவில்லை. இப்படி அமைத்துவிட்டு, கடைசி நொடியில் ஒரு மனிதர் காப்பாற்றுவார் என்று எதிர்பார்ப்பதற்குப் பெயர் மேற்பார்வை அல்ல, சோளக்கொல்லைப் பொம்மை.

அரிதாக நடப்பதற்காக மணிக்கணக்கில் விழித்திருக்க மனிதரால் முடியாது. அரை மணி நேரத்திலேயே கவனம் தளரும் என்பதை உளவியலாளர் மேக்வொர்த் 1948இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்.

நிறுத்தும் வழியை ஒத்திகை பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் பங்கு வர்த்தக நிறுவனத்தின் மென்பொருள் தறிகெட்டு ஓடியது. அது செயற்கை நுண்ணறிவு அல்ல. பாடம் மட்டும் பொருந்தும். சந்தை திறப்பதற்கு முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்திருந்தன, யாரும் பொருட்படுத்தவில்லை. பதற்றத்தில், சரியாக இயங்கிக்கொண்டிருந்த சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்க, நிலைமை மோசமானது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் போனது.

நமக்காகத் தாமே வேலைகளைச் செய்யும் மென்பொருள்களான இன்றைய ஏஐ முகவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு, ஒவ்வொரு அடிக்கும் ஒப்புதல் கேட்பது. பத்தாவது முறை யாரும் படிப்பதில்லை, பொத்தானை அழுத்திவிடுவார்கள். பணம் அனுப்புதல், கோப்பை அழித்தல் போன்று திரும்பப் பெற முடியாதவற்றுக்கு மட்டும் கேட்கட்டும். விமான நிலைய எக்ஸ்ரே திரையில் அவ்வப்போது போலி ஆயுதப் படத்தைக் காட்டிப் பணியாளரைச் சோதிப்பார்கள். முகவரின் வேலையிலும் வேண்டுமென்றே சில பிழைகளை நுழைத்து, மேற்பார்வையாளர் எத்தனையைப் பிடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.