பழனிப் பாதயாத்திரைக்கு முன் கெண்டைக்காலுக்கு இரு பயிற்சிகள்

தைப்பூசத்திற்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கவிருக்கும் செட்டிநாட்டு அன்பர்கள், கெண்டைக்காலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் இருப்பதை அறிந்துகொள்வது நல்லது. மேலே புடைத்துத் தெரியும் தசை முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது. அதன் அடியில் உள்ள தட்டையான தசையோ முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. இரண்டும் ஒரே தசைநாணாக இணைந்து குதிகால் எலும்பைப் பற்றுகின்றன. நெடுநேரம் களைக்காமல் உழைப்பதும், சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கும் இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுவதில் பெரும்பங்கு வகிப்பதும் அந்த அடித்தசைதான். ஆனால் பலரும் அதனைக் கவனிப்பதில்லை.

வளவுத் தூணைப் பிடித்து, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்காலை நிமிர்த்தி 30 விநாடி முன்சாய்ந்தால் மேல்தசை நீளும். அதே நிலையில் பின்கால் முழங்காலைச் சற்றே மடக்கினால்தான் மேல்தசை தளர்ந்து, இழுவிசை அடித்தசைக்குச் செல்லும். இந்த இரண்டாம் நிலையைத் தவறவிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், அது இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்த கட்டியாகவும் இருக்கலாம் என்பதால், தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.